பேசிக்கொண்டே ஓடும் தலைநகரம்

புதுதில்லி: ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தில்லியின் லோதி தோட்டம், சாணக்கியபுரி நேரு பூங்கா, இந்தியா கேட்டை ஒட்டிய கர்த்தவ்ய பாதை ஆகிய இடங்களுக்குச் செல்வோர், பத்துப் பதினைந்து பேர் கொண்ட கூட்டங்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். காலடி ஓசைக்கு முன்னதாகவே அவர்களது பேச்சொலி காதில் விழுந்துவிடும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பொதுத்தேர்வு, மெட்ரோ நெரிசல், விட்டுவிட்டு வரும் முழங்கால் வலி என்று அந்தப் பேச்சுக்கு எல்லை கிடையாது. ஓடுவதற்கு வந்தவர்கள் ஏன் வாய் ஓயாமல் பேசுகிறார்கள் என்று நடைப்பயிற்சிக்கு வந்த முதியவர்கள் வியப்பதும் உண்டு.

குழுவாக ஓடுவோரிடையே பேச்சு வெறும் பொழுதுபோக்கு அன்று. ஓட்டத்தின் வேகம் உடலுக்கு ஏற்றதா என்பதை அளந்து சொல்வது அதுதான். உடன் வருபவர் நலமாக இருக்கிறாரா என்பதை அறிவிப்பதும் அதுவே. மாற்றலாகி வந்தவர்களும் வேலை தேடி வந்தவர்களுமாக நிறைந்த இந்நகரில், ஊர் தெரியாத ஒருவருக்கு முதல் அறிமுகத்தைத் தேடித் தருவதும் பல நேரங்களில் அந்தப் பேச்சேயாகும். அதே பேச்சு தவறாக அமைந்துவிட்டால், புதிதாக வந்தவர் மறுவாரம் வராமலே போய்விடுவார்.

2005-க்குப் பிறகு

தில்லியில் பெருந்திரளானோர் பங்கேற்கும் அரை மாரத்தான் போட்டி முதன்முறையாக 2005-ஆம் ஆண்டு நடைபெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் மும்பை மாரத்தான் தொடங்கியிருந்தது. அதுவரை தடகள வீரர்கள், படையினர், காவல் துறையினர் ஆகியோருக்கே உரியதாகக் கருதப்பட்டு வந்த நெடுந்தூர ஓட்டத்தில், அலுவலக ஊழியர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் இறங்கினர். 21 கிலோ மீட்டரைக் கடக்க வேண்டுமானால் பல மாதப் பயிற்சி தேவை. தனியே எழுந்து, தனியே ஓடி, அப்பயிற்சியை முடிப்பது எளிதன்று. குருகிராம், நொய்டா, துவாரகா எனத் தலைநகர் வட்டாரம் முழுவதிலும் ஓட்டக் குழுக்கள் முளைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

வார நாள்களில் அரை மணி, முக்கால் மணி நேரம் ஓடுபவர்கள், ஞாயிறன்று நீண்ட தூரம் ஓடுவது வழக்கம். ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம் வரை அது நீடிக்கும். அத்தனை நேரமும் அறிமுகமில்லாத ஒருவர் பக்கத்திலேயே ஓடி வருகிறார். அலுவலகத்தில் பத்தாண்டுகள் ஒன்றாகப் பணியாற்றியவர்கள்கூட இடையூறின்றி இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியிருக்க மாட்டார்கள். ஓடும்போது இருவரும் முன்னே பார்த்தபடி செல்வதால், முகம் பார்த்துச் சொல்லத் தயங்கும் செய்திகளும் எளிதில் வாய்க்கு வந்துவிடுகின்றன என்பது ஓட்டக்காரர்கள் பலரது அனுபவம்.

ஆக்லாந்து தந்த பாடம்

பேசிக்கொண்டே ஓடுவது சோம்பேறித்தனம் அல்ல, முறையான பயிற்சியே என்ற கருத்து உலகெங்கும் பரவியதில் நியூஸிலாந்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்நாட்டின் ஆர்தர் லிடியார்ட் புகழ்பெற்ற பயிற்சியாளர். 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் போட்டியில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். சாம்பியன்களை உருவாக்கிய அதே லிடியார்ட், நடுத்தர வயதினரும் இதய நோய் கண்டவர்களும் மெதுவாக ஓடிப் பழகலாம் என்று ஊக்குவித்தார். 1962-இல் ஆக்லாந்து நகரில் அத்தகையோருக்கான ஓட்டச் சங்கம் ஒன்று தோன்றியது.

அந்த ஆண்டின் இறுதியில் அங்கு சென்றார் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன். பின்னாளில் நைக் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவராக அறியப்பட்டவர் இவர். உலகத் தரம் வாய்ந்த வீரர்களை உருவாக்கிய பவர்மேன், தாம் ஓடி நெடுநாளாகியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட அவர், லிடியார்டின் குழுவினருடன் ஓடக் கிளம்பி, குன்றுப் பாதையில் மூச்சிரைத்துப் பின்தங்கிவிட்டார். எழுபது வயதைக் கடந்த, மாரடைப்புக்கு ஆளாகி மீண்ட முதியவர் ஒருவர் தமது வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அவருடன் பேசியபடியே துணை வந்தார். பதில் சொல்லக்கூட முடியாத நிலையில் இருந்த பவர்மேனுக்கு அன்று ஓர் உண்மை புரிந்தது. ஊர் திரும்பியதும் பொதுமக்களுக்கான ஓட்ட வகுப்புகளைத் தொடங்கினார். இதயநோய் மருத்துவர் ஒருவருடன் இணைந்து அவர் எழுதிய 'ஜாகிங்' என்ற நூல் 1967-இல் வெளிவந்து பல லட்சம் பேரை வீதிக்கு அழைத்து வந்தது.

மூச்சின் கணக்கு

பேச்சு எவ்வாறு வேகத்தின் அளவுகோலாகிறது? பேசுவதற்கு மூச்சை விரைவாக உள்ளிழுத்து, மெதுவாக வெளிவிட வேண்டும். ஓட்டத்தின் வேகம் கூடும்போது உடலில் கரியமில வாயு மிகுதியாக உருவாகிறது. அதை வெளியேற்ற மூச்சு அடிக்கடி வந்தாக வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் இவ்விரண்டும் ஒத்துப்போவதில்லை. வாக்கியம் நடுவே முறிகிறது, பிறகு இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வருவதில்லை, இறுதியில் தலையசைப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை எளிய விதியாகவே கூறுகிறது. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உடற்பயிற்சி. சில சொற்களுக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது கடும் உடற்பயிற்சி. வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடும் உடற்பயிற்சியோ மேற்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. இவ்விரண்டையும் பிரித்தறியக் கைக்கடிகாரமோ மார்புப் பட்டையோ இல்லாதவரும் பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லிப் பார்த்தால் போதும்.

புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். மற்றவர்கள் முன்னே மெதுவாக ஓடுவதை இழுக்காகக் கருதி, முதல் இரண்டு கிலோ மீட்டரில் முழு மூச்சையும் செலவிட்டு விடுகிறார்கள். "எந்த ஊர்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், அவர்களால் பதில் சொல்ல முடிவதில்லை. அனுபவமுள்ளவர் அதைத் திமிர் என்று கொள்ளாமல், வேகத்தைக் குறைக்க வேண்டிய அறிகுறியாக எடுத்துக்கொள்வார்.

யார் பேசுவது, யார் கேட்பது?

குழுக்களில் நெடுநாள் ஓடி வருபவர்களிடையே சில எழுதப்படாத விதிகள் உள்ளன. வலுவானவர் பேச வேண்டும், தளர்ந்தவர் கேட்டுக்கொண்டு வந்தால் போதும் என்பது முதல் விதி. மேம்பாலத்தின் ஏற்றத்திலும் ரிட்ஜ் காட்டுப் பகுதிச் சாலையின் மேட்டிலும் கேள்வி கேட்கக் கூடாது என்பது இரண்டாவது. விரிவான பதில் தேவைப்படும் வினாவை இறக்கம் வரும்வரை ஒத்திவைப்பதே நாகரிகம். ஒருவர் வாக்கியங்களைச் சுருக்கத் தொடங்கினால், அவரிடம் கதை சொல்லலாமே தவிரக் கதை கேட்கலாகாது. சாலையில் இரண்டு பேருக்கு மேல் ஒரே வரிசையில் ஓடக் கூடாது என்பதும் முக்கியம். பேச்சின் சுவாரஸ்யத்தில் நான்கு பேர் தோளோடு தோளாக ஓடிச் சாலையை அடைப்பது, அதிகாலையில் வேகமாக வரும் வாகனங்களுக்குத் தம்மைப் பலி கொடுப்பதற்குச் சமம்.

தொடக்கப் பேச்சுக்கு ஓட்டமே போதுமான பொருளைத் தருகிறது. எவ்வளவு நாளாக ஓடுகிறீர்கள், எந்தப் போட்டிக்குத் தயாராகிறீர்கள், இந்தக் காலணி எப்படி இருக்கிறது என்ற மூன்று கேள்விகளில் இரண்டு கிலோ மீட்டர் கடந்துவிடும். பெயருக்குப் பின்னால் ஒரு 'ஜி' சேர்த்துவிட்டால் வயது, பதவி பற்றிய தயக்கமும் நீங்கிவிடுகிறது. ஹிந்தி சரளமாக வராதவர்களுக்கு இது வரப்பிரசாதம். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பணிமாற்றலாகி வந்தவர், அலுவலகத்தில் பேசக் கூச்சப்படும் அரைகுறை ஹிந்தியை இங்கே தயக்கமின்றிப் பேசலாம். ஏனெனில், ஓடும்போது எல்லோருடைய வாக்கியங்களும் அரைகுறையாகவே வருகின்றன!

ஆனால், தலைநகருக்கே உரிய ஒரு கேள்வி உண்டு. எந்த அமைச்சகம், எந்த பேட்ச், எந்தக் குடியிருப்பில் வீடு என்பதே அது. அரைக்கால் சட்டையும் வியர்வையும் மறைத்துவிட்ட படிநிலையை அந்த ஒரே கேள்வி மீண்டும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. இணைச் செயலர் என்று தெரிந்தபின் அவரை முந்திச் செல்லத் தயங்குபவரும் உண்டு. ஓட்டுநர் என்று தெரிந்தபின் பேச்சைச் சுருக்கிக்கொள்பவரும் உண்டு. இதனாலேயே, தொழிலைப் பற்றி அவரவர் தாமாகச் சொன்னாலன்றிக் கேட்பதில்லை என்ற வழக்கத்தைச் சிலர் கடைப்பிடிக்கின்றனர்.

பெண்களின் தயக்கம்

ஜனவரி மாதத்தில் தில்லியில் சூரியன் உதிக்கும்போது மணி ஏழைக் கடந்துவிடும். எட்டரை மணிக்குள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அலுவலகம் புறப்பட வேண்டிய பெண் ஒருவர் ஓட விரும்பினால், இருட்டில்தான் ஓட வேண்டும். 2012 டிசம்பர் மாதக் கொடுமையை மறக்காத நகரில், குழு என்பது அவருக்கு வசதி மட்டுமன்று, பாதுகாப்பும்கூட.

அங்கும் பேச்சே சோதனையாகிவிடுவதுண்டு. கேட்காமலேயே கையை இப்படி வீசுங்கள், பாதத்தை அப்படி ஊன்றுங்கள் என்று பாடம் நடத்தும் ஆண்கள், எடையைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் விசாரிப்பவர்கள், ஒற்றைச் சொல்லில் பதில் வந்தபிறகும் விடாமல் பக்கத்திலேயே ஓடி வருபவர்கள் குறித்துப் பெண்கள் குறை கூறுவது புதிதன்று. நின்று பேசும் இடத்தில் ஒருவரிடமிருந்து விலகிச் செல்லலாம். குழு ஓட்டத்தில் பாதையும் ஒன்று, நேரமும் ஒன்று. விலக வேண்டுமானால் வேகத்தைக் கூட்ட வேண்டும் அல்லது பின்தங்க வேண்டும். இரண்டுமே அவரது பயிற்சியைக் கெடுப்பவை.

வீடு எங்கே, தினமும் எந்த வழியாக ஓடுகிறீர்கள் என்ற கேள்விகள் இயல்பாகத் தோன்றினாலும், தனியே ஓடும் பெண்ணுக்கு அவை அச்சமூட்டக் கூடியவை. ஓட்டச் செயலிகள் பதிவிடும் வரைபடம் வீட்டு வாசலையே காட்டிக்கொடுத்து விடும் என்பதால், தொடக்க இடத்தையும் முடிவிடத்தையும் மறைக்கும் வசதியை முதல் நாளே இயக்கிவிட வேண்டும். ஒருவர் இரண்டு முறை சுருக்கமாகப் பதிலளித்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்பதைக் குழு நடத்துவோர் வெளிப்படையாகச் சொல்லி வைப்பது நல்லது. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டவர் பேச விரும்பவில்லை என்பதும் புரிந்துகொள்ளப்பட வேண்டும்.

கடைசியில் வருபவர்

குழு ஓட்டத்தின் பேச்சு யாருடைய வேகத்தில் நடக்கிறது என்பதே அக்குழுவின் குணத்தைக் காட்டும். முன்னே செல்லும் நால்வர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நூறு மீட்டர் பின்னால் ஒருவர் தனியே திணறிக்கொண்டு வந்தால், குழுவாக ஓடுவதில் பொருளில்லை.

இதற்கு உலகின் சில இடங்களில் கண்டறிந்த தீர்வுகள் சுவையானவை. 1938-இல் கோலாலம்பூரில் ஆங்கிலேயர்கள் தொடங்கிய 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்ற ஓட்டக் கழகத்தில், வழியைக் காட்டும் அடையாளங்கள் வேண்டுமென்றே ஆங்காங்கே நிறுத்தப்பட்டுவிடும். முன்னே ஓடுபவர்கள் சரியான பாதையைத் தேடி இங்குமங்கும் அலைவதற்குள், பின்னால் வருபவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டு லண்டனின் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கி, இன்று பல நாடுகளில் நடைபெறும் 'பார்க்ரன்' என்ற 5 கிலோ மீட்டர் வார ஓட்டத்தில், அனைவருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். ஆகவே, பங்கேற்பவர் எவரும் கடைசி ஆளாக முடிக்க நேர்வதில்லை.

தில்லிக் குழுக்களிலும் இத்தகைய ஏற்பாடு அவசியம். முன்னே சென்றவர்கள் குறிப்பிட்ட தூரத்தில் திரும்பி வந்து, பின்னால் வருபவரைக் கடந்து, மீண்டும் ஓடத் தொடங்கலாம். இதனால் அவர்களுக்குக் கூடுதல் தூரம் கிடைக்கிறது, பின்னால் வருபவருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு வார்த்தை கிடைக்கிறது.

பேச்சு குழறினால்

மே, ஜூன் மாதங்களில் தில்லியின் பகல் வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டுவதுண்டு. அதிகாலையிலும் புழுக்கம் குறைவதில்லை. கடும் உழைப்பினால் ஏற்படும் வெப்பத் தாக்குதலில் உடலின் உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுகிறது, மூளையின் செயல்பாடு தடுமாறுகிறது. இதன் முதல் அறிகுறிகள் பெரும்பாலும் பேச்சிலேயே வெளிப்படும். இதுவரை இயல்பாகப் பேசி வந்தவர் காரணமின்றி எரிந்து விழுவார். கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதிலைச் சொல்வார். நாக்குக் குழறும். எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

பாதிக்கப்பட்டவருக்குத் தமது நிலை தெரியாது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்றே அவர் சொல்வார். எனவே, அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் பக்கத்தில் பேசிக்கொண்டு வருபவர் மட்டுமே. உடனே ஓட்டத்தை நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ உடல் முழுவதும் நீரை ஊற்றியோ, பனிக்கட்டியும் ஈரத்துணியும் வைத்தோ வெப்பத்தைத் தணிக்க வேண்டும். 112 என்ற எண்ணை அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை இதைத் தொடர வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகே மருத்துவமனை என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை. நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, தலைசுற்றல் ஆகியவற்றைப் பற்றி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னாலும், அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல் ஓட்டத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும்.

போட்டிகளில் மார்பில் அணியும் எண் அட்டையின் பின்புறம் அவசரத் தொடர்பு எண், ரத்த வகை ஆகியவற்றை எழுத இடம் தரப்படுகிறது. வாராந்திரக் குழு ஓட்டங்களில் அத்தகைய அட்டை இல்லை. பல மாதங்கள் ஒன்றாக ஓடியும் உடன் வருபவரின் முழுப் பெயரோ, அவர் வீட்டார் தொலைபேசி எண்ணோ தெரியாதவர்கள் ஏராளம். வானிலையும் அரசியலும் பேசி முடித்தவர்கள் இந்த ஒரு தகவலையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

காற்றும் பேச்சும்

அக்டோபர் இறுதியில் தொடங்கி ஜனவரி வரை தில்லி ஓட்டக்காரர்களின் முதல் பேச்சு, "இன்று எவ்வளவு?" என்பதாகவே இருக்கும். கேட்கப்படுவது காற்றுத் தரக் குறியீட்டு எண். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் 200-ஐத் தாண்டினால் காற்று மோசம், 300-ஐத் தாண்டினால் மிக மோசம், 400-ஐத் தாண்டினால் கடுமை. ஓடும்போது, ஓய்வில் இருப்பதைப் போலப் பல மடங்கு காற்றை நுரையீரல் உள்வாங்குவதால், நச்சுத் துகள்களும் அதே அளவில் உள்ளே செல்கின்றன. 2017 நவம்பரில் நடைபெற்ற அரை மாரத்தானை ஒத்திவைக்குமாறு இந்திய மருத்துவச் சங்கம் கோரியது. போட்டி திட்டமிட்டபடி நடந்தாலும், மறு ஆண்டு அக்டோபர் மாதத்துக்கு மாற்றப்பட்டது.

இத்தகைய நாள்களில் குழுவின் பேச்சு நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். ஒருவர் கிளம்பினால் மற்றவர்களும் கிளம்புவார்கள். வராதவரைக் கோழை என்று வாட்ஸ்ஆப்பில் கேலி செய்வதால், ஆஸ்துமா உள்ளவரும் முகமூடியுடன் வந்து நிற்பார். இன்று வேண்டாம் என்று முதலில் சொல்லும் துணிவு மூத்தவர்களுக்கு இருந்தால், இளையவர்கள் அதைப் பின்பற்றுவார்கள்.

அருகருகே, பேசாமல்

தில்லியின் விளிம்பில், நஜஃப்கர், பவானா போன்ற பகுதிகளில் அதிகாலையில் ஓடும் வேறொரு கூட்டமும் உண்டு. ராணுவத்திலும் காவல் துறையிலும் சேரத் துடிக்கும் கிராமத்து இளைஞர்கள் அவர்கள். ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோ மீட்டர் ஓட்டத்தில் சில வினாடிகள் தாமதித்தாலும் வாய்ப்புப் பறிபோய்விடும். அவர்களுக்கு ஓட்டம் என்பது வாழ்வாதாரம். மூச்சை அடக்கிக்கொண்டு விரையும் அவர்களுக்கு வழியில் பேசுவதற்கு நேரமில்லை.

விலை உயர்ந்த காலணி அணிந்து மாரத்தானுக்குத் தயாராகும் நகரத்தார், நீண்ட ஓட்டங்களின்போது சில சமயம் இந்த இளைஞர்களைக் கடந்து செல்கின்றனர். இரு தரப்பினருக்கும் இடையே ஒரு வணக்கம்கூடப் பெரும்பாலும் பரிமாறப்படுவதில்லை. காயம் வராமல் பயிற்சி செய்வது எப்படி, ஓய்வு நாள் ஏன் தேவை என்பவற்றை நகரத்தாரில் பலர் அறிவர். தினமும் முழு வேகத்தில் ஓடிக் காலெலும்பில் வலியை வாங்கிக்கொள்ளும் இளைஞர்களுக்கு அது பயன்படும். இளைஞர்களிடமிருந்து கற்பதற்கு நகரத்தாருக்கும் நிறைய உண்டு.

கோடை தணிந்து பருவம் தொடங்கியதும் குழுக்களில் புதுமுகங்கள் சேர்வார்கள். அவர்களுள் எத்தனை பேர் இரண்டாவது ஞாயிறும் வருகிறார்கள் என்பதைப் பொருத்தே ஒரு குழு வளரும். முதல் நாளன்று யாரேனும் ஒருவர் வேகத்தைக் குறைத்து, பெயரைக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தால் பெரும்பாலானோர் வந்துவிடுவார்கள்.